பெயர் கொடுத்தவர்கள் எப்போது களத்துக்கு வருகிறார்கள்? பெண்கள் அமைதி இயக்கங்கள் குறித்து ஒரு மீள்பார்வை

1983 அக்டோபர் 29 அன்று ஹேக் நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள். அமெரிக்க அணு ஏவுகணைகளை நெதர்லாந்தில் நிறுத்தக் கூடாது என்பது கோரிக்கை. அந்த நாடு அதுவரை அவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டத்தைக் கண்டதில்லை. பெர்ட் கிளாண்டர்மன்ஸ், டிர்க் ஊகெமா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த நாளை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கேயுள்ள ஓர் ஊரில், ஊர்வலத்துக்கு முன்பும் பின்பும் மக்களிடம் விசாரித்தார்கள். கோரிக்கை நியாயமானது என்றவர்கள் ஏறக்குறைய முக்கால் பங்கு. போவதாக இருக்கிறேன் என்றவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். உண்மையில் போனவர்கள் நான்கு பேர்.

உடன்பாடு இருந்தும் வர நினைக்காதவர்கள் ஒரு கூட்டம், வர நினைத்தும் வராமல் போனவர்கள் இன்னொரு கூட்டம். அமைதிக்காகப் பெண்கள் கட்டிய அமைப்புகள் எல்லாம் இந்த இரண்டு உதிர்வுகளோடும் போராடியிருக்கின்றன. பெயர் கொடுத்து, சந்தா கட்டி, கூட்டத்தில் கை தூக்கிய ஓர் உறுப்பினர் எதனால் ஒரு நாள் கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வருகிறார்? இதற்கு நூறாண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் விடைகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் இயக்கத்தின் வெற்றியிலிருந்து பிறந்தவை. அவற்றின் ஓட்டைகள் வேறோர் இயக்கத்தின் சரிவில்தான் தெரிந்தன.

கேள்வியின் வயது

கி.மு. 411இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'லிசிஸ்ட்ராட்டா' நாடகத்தைப் போரை நிறுத்தப் பெண்கள் படுக்கையைப் புறக்கணித்த கதையாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் சபதம் எடுத்த பெண்கள் நழுவப் பார்ப்பதும் அந்த நாடகத்தில் இருக்கிறது. வீட்டில் ஆட்டு ரோமத்தைப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கும் என்று ஒருத்தி கிளம்புகிறாள். இன்னொருத்தி தலைக்கவசத்தை வயிற்றில் மறைத்துக்கொண்டு பிரசவ வலி என்கிறாள். தலைவிக்கு எதிரிகளைச் சமாளிப்பதைவிடத் தன் ஆட்களை நிறுத்தி வைப்பது பெரிய பாடாகிறது. நாடகம் ஆண் எழுதியது, பெண்களைக் கேலி செய்யும் நோக்கமும் அதில் உண்டு. ஆனாலும் ஒரு கூட்டத்தைக் கட்டிக்காக்கும் சிரமத்தை அதில் அடையாளம் காண முடிகிறது.

அமைப்பு என்ற முறையான வடிவம் 1915இல் வந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 28 முதல் மே 1 வரை ஹேக் நகரில் 12 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். டச்சு மருத்துவர் அலெட்டா ஜேக்கப்ஸ் ஏற்பாடு செய்தார். அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் தலைமை வகித்தார். பிரிட்டனிலிருந்து 180 பெண்கள் வர விரும்பியும், வட கடல் போக்குவரத்து மூடப்பட்டதால் மாநாட்டில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் பெண்கள் மூவர் மட்டுமே. அவர்களும் அந்தத் தடை வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் அல்லது அமெரிக்கக் குழுவோடு வந்தவர்கள். இந்தக் கூட்டத்தின் வழிவந்த அமைப்புதான் 1919இல் சூரிச்சில் 'அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான பெண்கள் சர்வதேசச் சங்கம்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஜேன் ஆடம்ஸுக்கு 1931இலும் எமிலி பால்ச்சுக்கு 1946இலும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. உலகம் தலைவிகளை அடையாளம் கண்டுகொண்டது. கிளைகளில் இருந்த சாதாரண உறுப்பினரை எது அசைத்தது என்ற கேள்வி ஆராய்ச்சிக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

தாய் என்ற அழைப்பு

பெற்று வளர்த்தவளுக்கு உயிரின் விலை தெரியும், அவளைத் தாய் என்று அழைத்தால் வருவாள் என்பது எல்லாவற்றிலும் பழைய விடை. ஆலிவ் ஷ்ரைனர் 1911இல் எழுதிய 'பெண்ணும் உழைப்பும்' நூலில் இந்தக் கருத்து வலுவாக இருக்கிறது. போர்க்களத்தில் கிடக்கும் உடல்களின் முதல் விலையைக் கொடுத்தவள் பெண் என்பது அவருடைய வாதம்.

அந்த அழைப்பு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை 1961 காட்டியது. வாஷிங்டனில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த டாக்மர் வில்சன் செப்டம்பரில் தன் வீட்டில் சில தோழிகளைக் கூட்டினார். நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் சுமார் 60 நகரங்களில் பெண்கள் அடுப்படியையும் அலுவலகத்தையும் விட்டுத் தெருவில் நின்றார்கள். 50,000 பேர் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆறேழு வாரத்தில், அலுவலகமோ நிதியோ இல்லாமல் அத்தனை ஊர்களில் நடந்தது என்பதே போதுமான ஆச்சரியம். அணுகுண்டுச் சோதனைகளால் பாலில் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் சேர்கிறது என்ற செய்தி அப்போது வீடுகளுக்குள் வந்திருந்தது. காலையில் பிள்ளைக்குக் கொடுக்கும் பால் தம்ளரில் சர்வதேச அரசியல் இருக்கிறது என்று ஒரு தாய்க்கு விளக்கத் தனியாகத் துண்டறிக்கை வேண்டியிருக்கவில்லை.

1962 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோத நடவடிக்கை' விசாரணைக் குழு இவர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. ஒவ்வொருவர் பெயரும் அழைக்கப்பட்டபோது கூடத்திலிருந்த பெண்கள் பூங்கொத்துக் கொடுத்தார்கள். கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பலரை நடுங்க வைத்த குழு அன்று திணறியது. 1963இல் வளிமண்டல அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் வந்ததற்கு இந்தப் பெண்களின் நெருக்குதலும் ஒரு காரணம் என்று சொல்வது மிகையாகாது. ஒரே காரணம் என்று சொல்ல முடியாது.

சாரா ரடிக் 1989இல் 'தாய்மைச் சிந்தனை' என்ற நூலில் இந்த விடையைச் செப்பனிட்டார். தாய்மை என்பது உடலோடு பிறந்த குணம் இல்லை, ஒரு குழந்தையைக் காத்து வளர்க்கும் அன்றாட வேலையிலிருந்து வரும் பழக்கம் என்றார். அந்த வேலையைச் செய்யும் ஆணுக்கும் அந்தச் சிந்தனை வரும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த விடையின் பலவீனத்தை விளக்க அயல்நாடு போக வேண்டியதில்லை. புறநானூற்றின் மூதின்முல்லைத் துறைப் பாடல்கள் போதும். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின், எஞ்சியிருக்கும் ஒரே சிறுவனுக்கும் வேல் கொடுத்து அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். அதே தாய்மை அங்கே போருக்கு ஆள் அனுப்புகிறது. 1914இல் பிரிட்டனில், படையில் சேராத இளைஞர்களின் சட்டையில் வெள்ளை இறகைச் செருகி அவமானப்படுத்திய பெண்களும், வாக்குரிமைப் போராட்டத்தை நிறுத்திவிட்டுப் போருக்கு ஆதரவு திரட்டிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்டும் இதையே காட்டுகிறார்கள். அவருடைய மகள் சில்வியா போரை எதிர்த்தார்.

தாய் என்ற அழைப்பு யாருடைய கைக்கும் போகக்கூடியது என்பதற்கு இலங்கையைப் போல் தெளிவான உதாரணம் குறைவு. 1984இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைது செய்யப்பட்டபோது அன்னையர் முன்னணி உருவாகி, பெண்கள் கச்சேரிக்கு (மாவட்ட அரசு அலுவலகத்துக்கு) ஊர்வலம் போனார்கள். மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி அம்மா 1988 மார்ச் 19 அன்று மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் உண்ணாவிரதம் தொடங்கி ஏப்ரல் 19 அன்று உயிர் துறந்தார். வடக்கிலும் கிழக்கிலும் ஆயுத இயக்கத்தின் கை ஓங்க ஓங்க, இந்த முன்னணிகள் சுயேச்சையாக இயங்கும் வெளி சுருங்கியது.

தெற்கில் 1990 ஜூலையில் மாத்தறையில் தொடங்கிய சிங்களத் தாய்மாரின் முன்னணிக்கு மங்கள சமரவீர, மகிந்த ராஜபக்ச என்ற எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் பின்னணியில் இருந்தார்கள். இரண்டு ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை 25,000 வரை போனது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆர்ப்பாட்டத்துக்குத் தடை. கோயில் கும்பிடத் தடை போட முடியாது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் பிறந்தநாளன்று கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் அந்தத் தாய்மார் கூந்தலை விரித்து, கூவி அழுது, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்துத் தேங்காய் உடைத்தார்கள். மாலதி டி அல்விஸ் இந்த இயக்கத்தை நெருக்கமாக ஆராய்ந்தவர். கண்ணீரும் சாபமும் அரசு கையாளத் தெரியாத அரசியல் மொழியாக இருந்ததை அவர் விளக்குகிறார். அந்த மொழியை மேடையேற்றியவர்கள் கட்சிக்காரர்கள் என்பதையும் மறைக்கவில்லை. 1994இல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது, இயக்கம் மங்கியது.

தாய்மையை மறுத்த விடை

பெண் போரை எதிர்ப்பது அவள் பெற்றவள் என்பதால் இல்லை, போரும் ஆணாதிக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை என்று புரிந்துகொள்வதால் என்பது இரண்டாவது விடை. உறுப்பினரை அசைக்க வேண்டுமானால் அவளுடைய பாசத்தைவிட அவளுடைய அரசியல் பார்வையைத் தட்டியெழுப்ப வேண்டும். வர்ஜீனியா வுல்ஃப் 1938இல் 'மூன்று கினி' நூலில் ஆண்களின் நிறுவனங்களுக்கு வெளியே நிற்கும் பெண்களின் சங்கம் ஒன்றைக் கற்பனை செய்தார். இந்த விடையின் முன்னோடிப் பிரதி அது.

இரண்டு விடைகளும் நேருக்கு நேர் மோதிய நாள் ஒன்று உண்டு. 1968 ஜனவரி 15 அன்று வியட்நாம் போருக்கு எதிராகச் சுமார் 5,000 பெண்கள் வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள். முன்னால் நடந்தவர் ஜெனட் ராங்கின். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், இரண்டு உலகப் போர்களுக்கும் எதிராக வாக்களித்தவர், அப்போது வயது 87. அதே நாளில் நியூயார்க்கிலிருந்து வந்த இளம் பெண்ணியவாதிகள் 'மரபான பெண்மை'க்கு ஒரு சவ ஊர்வலம் நடத்தினார்கள். அழுதுகொண்டு மனுக் கொடுக்கும் தாய், மனைவி என்ற வேடத்தைப் புதைத்தால்தான் பெண்களுக்கு அரசியல் பலம் வரும் என்பது அவர்கள் கட்சி. ஊர்வலத்துக்கு வந்திருந்த பலருக்கு இது மனவருத்தம் தந்தது.

பத்தாண்டுக்கு மேல் கழித்து இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானத்தளத்தில் இரு விடைகளும் ஒரே வேலிக்கு வெளியே குடியிருந்தன. 96 குரூஸ் ஏவுகணைகள் அங்கே வரவிருந்தன. 1981 ஆகஸ்ட் இறுதியில் கார்டிஃபிலிருந்து 36 பெண்களும் சில ஆண்களும் குழந்தைகளும் நடந்து கிளம்பி, செப்டம்பர் 5 அன்று தளத்தை அடைந்தார்கள். நான்கு பெண்கள் தங்களை வேலியோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். மறுநாளே திரும்புவதாக இருந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். 1982 பிப்ரவரியில் முகாம் பெண்களுக்கு மட்டும் என்று முடிவானது. நுழைவாயில்களுக்கு மஞ்சள், பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வாயிலிலும் வெவ்வேறு விதமான பெண்கள் சேர்ந்தார்கள். வேலியில் குழந்தைகளின் உடைகளைத் தொங்கவிட்ட தாய்மாரும், குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

பெண்ணியத்தின் உள்ளிருந்தே இதற்கு எதிர்ப்பும் வந்தது. அணு ஆயுதம் என்ற பெரிய ஆபத்தின் பெயரால் வீட்டுக்குள் நடக்கும் அன்றாட வன்முறை பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்று 1983இல் தீவிரப் பெண்ணியவாதிகள் ஒரு சிறு தொகுப்பு நூல் வெளியிட்டார்கள். அதைப் புறந்தள்ள முடியாது. சிந்தியா காக்பர்ன் பல நாட்டுப் பெண்கள் அமைதிக் குழுக்களைச் சுற்றிப் பார்த்து 2007இல் எழுதிய நூல், வீட்டு வன்முறையையும் போரையும் ஒரே தொடர்ச்சியாகப் பார்ப்பது எப்படி என்று காட்டுகிறது. அந்த விமர்சனத்துக்குக் கிடைத்த நல்ல பதில்களில் அது ஒன்று.

இந்த விடையின் குறை அதன் வாசல் குறுகலானது என்பதே. வருகிறவர்கள் ஆழமாக வருகிறார்கள், நீண்ட நாள் இருக்கிறார்கள். எண்ணிக்கை பெரும்பாலும் சிறிது.

கூப்பிட்டது யார்?

முதல் இரண்டு விடைகளும் உறுப்பினரின் மனத்துக்குள் காரணம் தேடுகின்றன. மூன்றாவது விடை வெளியே தேடுகிறது. என் மதிப்பீட்டில் சான்றுகள் அதிகம் குவிந்திருப்பது இந்தப் பக்கம்தான்.

மான்கர் ஓல்சன் 1965இல் ஒரு கசப்பான கணக்குப் போட்டார். கூட்டுப் போராட்டத்தின் பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்றால், மற்றவர்கள் போராடட்டும் என்று வீட்டில் இருப்பதே லாபம் பார்க்கும் தனிமனிதருக்கு நியாயமாகப்படும் என்றார். அப்படியானால் யாரும் வரக் கூடாது. ஆனாலும் வருகிறார்கள். ஏன்? டக் மெக்காடம் 1964இல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யப் போன தொண்டர்களின் விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தார். போனவர்கள் 720 பேர். தேர்வாகியும் கடைசியில் போகாமல் நின்றவர்கள் 239 பேர். கொள்கைப் பற்றில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. போனவர்களுக்கு, போகும் மற்றவர்களோடு ஏற்கெனவே நெருங்கிய பழக்கம் இருந்தது. இது அமைதி இயக்கமோ பெண்கள் இயக்கமோ இல்லை, அதனால் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் பெண்கள் இயக்கங்களின் வரலாற்றைத் திறந்தால் இதே செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. டாக்மர் வில்சனின் தோழிகள் ஆள் சேர்த்தது கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பும் முகவரிப் பட்டியலிலிருந்தும், பள்ளிப் பெற்றோர் சங்கத்திலிருந்தும், தேவாலயத் தோழமையிலிருந்தும்தான். ஒருத்தி சிலருக்குப் போன் போடுவாள், அவர்கள் ஆளுக்குச் சிலருக்குப் போடுவார்கள்.

லைபீரியாவில் இது இன்னும் பொறுமையாக, இன்னும் திட்டமிட்டு நடந்தது. 2003இல் பதினான்கு ஆண்டுப் போர் நாட்டைச் சிதைத்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் அமைதி வலையமைப்பின் லைபீரியக் கிளையை நடத்திய லேமா போவீயும் அவருடைய தோழிகளும் பெரிய கூட்டம் போட்டு ஆள் கூப்பிடவில்லை. ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை மசூதி, சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் படம் வரைந்த தாள்கள் கொடுத்தார்கள். காவல்துறை அதிகாரியாக இருந்த அசாட்டு பா கென்னத் முஸ்லிம் பெண்களை அழைத்து வந்தார். முஸ்லிம் பெண்களோடு சேர்ந்து பிரார்த்தித்தால் தங்கள் விசுவாசம் கெட்டுவிடும் என்று தயங்கிய கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள். அந்தத் தயக்கத்தை மேடைப் பேச்சு தீர்க்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்த நாட்கள்தான் தீர்த்தன.

அவர்கள் உட்கார்ந்தது மன்ரோவியாவில் டப்மன் பெருஞ்சாலை ஓரம், மீன் சந்தை அருகே உள்ள திறந்தவெளியில். ஜனாதிபதி சார்லஸ் டெய்லர் போகும் வழி அது. எல்லோரும் வெள்ளை டீஷர்ட், வெள்ளைத் தலைத்துண்டு. நகை இல்லை, அலங்காரம் இல்லை. ஏப்ரலின் வெயிலிலும் பிறகு வந்த மழையிலும் நாள்தோறும் அதே இடம். ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்தித்தார். ஜூனில் கானா நாட்டின் அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கி இழுத்துக்கொண்டே போனபோது, ஜூலையில் அந்தப் பெண்கள் கூடத்தின் வாசலை மறித்து உட்கார்ந்து, உடன்பாடு ஆகாமல் யாரும் வெளியே வர முடியாது என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகப் பத்திரிகைகள் அதிகம் எழுதியது அவர்கள் அறிவித்த படுக்கைப் புறக்கணிப்பைப் பற்றி. அதனால் செய்தி பரவியது, நடைமுறைப் பலன் பெரிதாக இல்லை என்று லேமா போவீயே சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கண்ணைப் பறிக்கும் செயலுக்குப் பின்னால் மசூதி வாசலிலும் சந்தையிலும் செலவான மாதங்கள் மறைந்துவிடுகின்றன.

மணிப்பூரின் மெய்ரா பைபி பெண்களிடம் இந்த வலைப்பின்னல் காதால் கேட்கக் கூடியது. மெய்ரா என்றால் தீப்பந்தம். 1970களின் பிற்பகுதியில் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பிய பெண்கள், ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்த பின் இரவில் தெருக்காவல் நிற்கத் தொடங்கினார்கள். படையினர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், பார்த்த பெண் கல்லை எடுத்து மின்கம்பத்தில் ஓங்கி அடிப்பாள். அடுத்த கம்பத்தில் இன்னொருத்தி அடிப்பாள். சத்தம் தெருத்தெருவாகப் போகும், கேட்ட பெண்கள் பந்தத்தோடு வெளியே வருவார்கள். கூட்ட அறிவிப்பும் வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். 2004இல் மனோரமா என்ற பெண் படையினர் பிடியில் கொல்லப்பட்டபோது, நான்கு நாள் கழித்து ஜூலை 15 அன்று 12 பெண்கள் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடை களைந்து நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டே அசாம் ரைபிள்ஸ் கோட்டையைக் காலி செய்தது.

வலைப்பின்னல் விடையின் பலவீனமும் மணிப்பூரில்தான் வேதனையோடு தெரிகிறது. அறிமுகமும் நம்பிக்கையும் ஓர் இனத்தின், ஒரு தெருவின் எல்லைக்குள் இருப்பவை. 2023 மே மாதம் மெய்தேய், குக்கி-சோ சமூகங்களிடையே வன்முறை வெடித்தபோது, அதே கம்பத்துச் சத்தம் ஒரு சமூகத்தின் பெண்களை மட்டுமே கூப்பிட்டது. ஜூன் 24 அன்று இதம் கிராமத்தில் பெண்கள் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சூழ்ந்துகொண்டதால், பிடித்து வைத்திருந்த ஆயுதக்குழுவினர் 12 பேரை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று என்று இராணுவம் அறிவித்தது. அணிதிரட்டும் திறனில் குறைவே இல்லை. அந்தத் திறன் அமைதிக்குத்தான் பயன்படும் என்ற உத்தரவாதம் வலைப்பின்னலுக்குள் கிடையாது. லைபீரியப் பெண்கள் மதத்தின் எல்லையைத் தாண்டியதற்கு அதற்கென்றே தனியாக உழைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

செய்யச் சொன்ன வேலை

உறுப்பினரிடம் என்ன கேட்கிறோம் என்பதையே முக்கியமாகக் கருதும் இன்னொரு போக்கும் உண்டு. 1932 பிப்ரவரியில் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்குப் பெண்கள் அமைப்புகள் பல லட்சம் கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொட்டின. மறு ஆண்டு அக்டோபரில் ஜெர்மனி வெளியேறியது, மாநாடு பயனின்றி முடிந்தது. கையெழுத்து வாங்குவது எளிது, வாங்கிய பின் கையெழுத்திட்டவருக்கு வேலை இல்லாமல் போகிறது.

இதன் மறுகோடி கிரீனம் முகாம். மழையில் பிளாஸ்டிக் கூரையடியில் ஆண்டுக்கணக்கில் வாழ எல்லோராலும் ஆகாது. பிள்ளை, வேலை, வயதான பெற்றோர் என்று கட்டுகள் குறைந்தவர்களால்தான் அது முடியும். மெக்காடம் இதை வாழ்க்கைச் சூழல் தரும் வாய்ப்பு என்ற பொருளில் பேசுகிறார். முகாமின் அமைப்பாளர்கள் இதற்குக் கண்ட வழி கூர்ந்து நோக்கத்தக்கது. இந்தக் கடிதத்தைப் பிரதியெடுத்து மற்ற பெண்களுக்கு அனுப்புங்கள் என்று சங்கிலிக் கடிதம் விட்டார்கள். 1982 டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் வந்து, ஒன்பது மைல் வேலியைச் சுற்றிக் கைகோர்த்து நின்றார்கள். அன்று மாலையே பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். தங்கியிருந்த சிலரால் அந்த ஒரு நாள் சாத்தியமாயிற்று, வந்துபோன பலரால் தங்கியிருந்தவர்களுக்குத் தெம்பு வந்தது. 1987 ஒப்பந்தத்தின்படி ஏவுகணைகள் 1991இல் வெளியேறின. முகாம் 2000 வரை இருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஜெருசலேமின் 'கறுப்பு உடைப் பெண்கள்' கண்டெடுத்த வழி இருக்கிறது. 1988 ஜனவரி முதல் வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை கறுப்பு உடை, கை வடிவப் பலகை, ஆக்கிரமிப்பை நிறுத்து என்ற ஒரே வாசகம், மௌனம். சாரா ஹெல்மன், தமார் ராப்பப்போர்ட் இருவரும் 1997இல் எழுதிய ஆய்வு, கருத்து வேறுபாடு கொண்ட பெண்களும் சேர்ந்து நிற்க அந்த எளிமை உதவியதைச் சுட்டுகிறது. போகிற வருகிறவர்கள் காரிலிருந்து கத்திய வசைகள், அதுவும் பெண் என்பதால் விழுந்த ஆபாச வசைகள், நின்றவர்களை இன்னும் நெருக்கமாக்கின. 1991 அக்டோபரில் பெல்கிரேடிலும், பின்னர் பெங்களூர் உட்படப் பல ஊர்களிலும் இந்த வடிவம் வேர்விட்டது. ஒரு மணி நேரம் என்பதால் வேலைக்குப் போகும் பெண்ணும் வர முடிந்தது. வாரந்தோறும் என்பதால் ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் இடம் இருந்தது. ஆனால் மௌனமாக நிற்பது பேச்சுவார்த்தை மேசைக்கு வழி காட்டுவதில்லை என்ற குறையை இந்த வடிவத்தின் ஆதரவாளர்களும் மறுப்பதில்லை.

உணர்ச்சிப் பெருக்கில் மட்டும் எழுந்த செயலுக்கு எச்சரிக்கையாக வட அயர்லாந்தைச் சொல்லலாம். 1976 ஆகஸ்ட் 10 அன்று பெல்ஃபாஸ்ட் தெருவில் ஒரு தாயின் மூன்று குழந்தைகள் கார் மோதி இறந்ததும், பெட்டி வில்லியம்ஸ், மைரீட் கோரிகன் அழைப்பில் இரு கிறிஸ்தவப் பிரிவுப் பெண்களும் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அந்த ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே பரிசுப் பணம், தலைமை பற்றிய பூசல்களில் இயக்கம் தேய்ந்தது.

முடிவெடுப்பவர் யார்?

இந்தப் பகுதியில் ஆய்வுகள் குறைவு, அதனால் சுருக்கமாகவே சொல்ல முடியும். டாக்மர் வில்சனும் தோழிகளும் தொடங்கிய இயக்கம் உறுப்பினர் பட்டியல், சந்தா, நிர்வாகக் குழு எதுவும் வேண்டாம் என்று வைத்திருந்தது. விசாரணைக் குழு தேடியபோது பிடிகொடுக்காமல் இருக்க அது உதவியது. ஆனால் தலைவர் இல்லை என்று சொல்லும் குழுவில் கண்ணுக்குத் தெரியாத தலைமை உருவாகும், அதைக் கேள்வி கேட்க வழி இருக்காது என்று 1970களின் தொடக்கத்தில் ஜோ ஃப்ரீமன் எழுதியது பெண்கள் குழுக்களின் சொந்த அனுபவத்திலிருந்து வந்த விமர்சனம்.

எதிர்த் திசையில் இன்னொரு சிக்கல். 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, அமைதிப் பேச்சுகளில் பெண்களின் பங்கை வலியுறுத்தியது. அதன்பின் நிதியும் திட்டங்களும் வந்தன. பாலஸ்தீனப் பெண்கள் அமைப்புகளை ஆராய்ந்த இஸ்லா ஜாத், கிளை உறுப்பினரைக் கொண்ட இயக்கங்கள் திட்ட அறிக்கை எழுதும் தொண்டு நிறுவனங்களாக மாறுவதைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறார். அங்கே உறுப்பினர் பயனாளி ஆகிவிடுகிறார். ஹாரி ஹான் 2014இல் அமெரிக்க அமைப்புகளை ஒப்பிட்டு எழுதிய நூல் இதே இடத்தைத் தொடுகிறது. ஆட்களை ஒரு நாள் வேலைக்குத் திரட்டுவதும், அவர்களுக்குப் பொறுப்பும் முடிவெடுக்கும் உரிமையும் கொடுத்து வளர்ப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் செய்த கிளைகளே சுறுசுறுப்பாக இருந்தன என்கிறார்.

இன்னும் விடை கிடைக்காதவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்றை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். தாய் என்றோ பெண்ணியவாதி என்றோ அழைப்பது கதவைத் திறக்கிறது. உள்ளே காலெடுத்து வைக்கச் செய்வது, தெரிந்த ஒருத்தி நேரில் வந்து, இன்ன நாள், இன்ன இடம், இன்ன வேலை என்று கேட்பது. கொள்கையை இன்னும் ஆழமாக விளக்கினால் வருவார்கள் என்று நம்பித் துண்டறிக்கையைத் தடிமனாக்கிய அமைப்புகளுக்கு வரலாறு அதிகம் ஆதரவு தரவில்லை.

ஆனால் தெரிந்தவர்களின் எல்லையைத் தாண்டி எதிர்த்தரப்புப் பெண்ணோடு கைகோர்க்க வைப்பது எது என்பது தெளிவாகவில்லை. லைபீரியாவில் நடந்தது. இஸ்ரேலில் 2014இல் தொடங்கிய 'பெண்கள் அமைதி காண்போம்' இயக்கமும் பாலஸ்தீனப் பெண்களின் 'சூரியப் பெண்கள்' அமைப்பும் 2023 அக்டோபர் 4 அன்று சேர்ந்து நின்றன. மூன்றாம் நாள் போர் தொடங்கியது. முதல் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான விவியன் சில்வர் அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட கூட்டு எத்தனை அடிகளைத் தாங்கும் என்று சொல்ல யாரிடமும் போதுமான சான்று இல்லை. வெற்றி தோல்வி எதுவும் கண்ணுக்குத் தெரியாதபோது ஆண்டுக்கணக்கில் உட்கார வைப்பது எது என்பதும் அப்படியே. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த தாய்மார் ஆண்டுகள் கடந்தும் எழவில்லை. அவர்களில் பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள். மேலே சொன்ன எந்தக் கோட்பாடும் அவர்களை முழுதாக விளக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி சான்றுகளின் தன்மையிலேயே இருக்கிறது. பெண்கள் அமைதி இயக்கங்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் வந்தவர்களின் வாய்மொழி. வேலியைச் சுற்றி நின்றவர்களும், மீன் சந்தை அருகே உட்கார்ந்தவர்களும் சொன்னது நம் கையில் இருக்கிறது. அன்று கூடையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வியாபாரத்துக்குப் போன பெண் சொன்னது நம்மிடம் அநேகமாக இல்லை. டச்சு ஆய்வாளர்கள் 1983இல் செய்ததை, பெண்கள் அமைப்புகள் தாங்களே செய்யலாம். அதற்குப் பல்கலைக்கழகமோ நிதியோ தேவையில்லை. கூட்டம் முடிந்த மறுநாள், வருவேன் என்று சொல்லி வராத உறுப்பினரின் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். குறை சொல்லாமல், ஏன் வர முடியவில்லை என்று கேட்க வேண்டும். கேட்டதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.